நூல்நிலையம்: தருமமா? கடனா?

பொருள்கள் இரு வகைப்படும். பகிர்ந்தால் குறைவன ஒரு வகை. பகிர்ந்தாலும் குறையாதன மற்றொரு வகை. ஒரு படி அரிசியை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு அரைப்படியே கிட்டும். ஒரு நூலை நூறு பேர் படித்த பின்னும் நூற்றொன்றாவது ஆளுக்கு அதன் பொருள் முழுமையாகவே கிட்டும். இவ்வுண்மையை அறியாதார் இலர். அங்ஙனமிருந்தும், அரிசியைப் பூட்டி வைத்ததற்குச் சற்றும் குறையாமல் நூலையும் மாந்தர் பூட்டி வைத்து வந்தனர் என்பதே சரித்திரம் காட்டும் செய்தி.

அந்தப் பூட்டைத் திறந்து, ‘யாரும் வரலாம், காசு வேண்டா’ என்று பலகை எழுதித் தொங்கவிட்ட இடமே பொது நூல்நிலையம். அது மனித குலம் அடைந்த வெற்றிகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. கதவைத் திறந்து வைத்ததோடு நூல்நிலையத்தின் கடமை தீர்ந்துவிட்டதா? அக்கதவு வரை வர இயலாதவனிடத்து அதற்குப் பொறுப்பு ஏதும் உண்டா? உண்டெனின், அஃது இரக்கத்தால் இடும் தருமமா, அன்றித் திருப்பிச் செலுத்தியே தீர வேண்டிய கடனா?

ஜொகூர் மாநிலம் சிகாமட் மாவட்டத்திலுள்ள எங்கள் லாபிஸ் பட்டணத்தையே இக்கேள்விக்கு உரைகல்லாகக் கொள்வோம். சிகாமட்டிலிருந்து யோங் பெங் செல்லும் நெடுஞ்சாலையின் மேலும், 1909-ஆம் ஆண்டில் ஜொகூர் பாரு வரை முற்றுப்பெற்ற இரயில் பாதையின் மேலும் அமைந்த சிற்றூர் இது. கடைத்தெருவைக் கடந்து சிறிது தூரம் சென்றால் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்துகொள்ளும். தோட்டத்துக் கிராணி என்ற முறையில் அங்குள்ளார் வாழ்வை நாள்தோறும் காண்பவன் யான். பொழுது புலருமுன் பிரட்டு. அதன்பின் மரம் வெட்டு, பால் எடுப்பு, அல்லது செம்பனைக் குலை அறுப்பு. பிற்பகலில் உடல் சோர்ந்து வீடு திரும்பல். பின்னர்ச் சமையல், துணி துவைத்தல், பிள்ளை பார்த்தல். பட்டணத்து நூல்நிலையங்கள் யாவும் பெரும்பாலும் அலுவலக நேரத்தையே பின்பற்றுவன. அவை திறந்திருக்கும் வேளை தொழிலாளி உழைக்கும் வேளை. அவன் ஓயும் வேளை அவை பூட்டும் வேளை. கதவு திறந்திருப்பது உண்மை. அது யாருக்காகத் திறந்திருக்கிறது என்பதே வினா.

நேரத்தைக் காட்டிலும் பெரிய தடை ஒன்றுண்டு. அது கூச்சம். ஆங்கில வழியே கற்ற என் போன்றோர் எந்த நூல்நிலையத்திலும் தயங்காது நுழைகிறோம், படிவத்தை நிரப்புகிறோம், வேண்டிய நூல் இல்லையெனின் ஏன் இல்லை என்று கேட்கவும் செய்கிறோம். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஓர் அம்மையார் அதே வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார். பளபளக்கும் தரை, மௌனம், மேசைக்கு அப்பால் தமக்குப் பழகாத மொழியில் பேசும் ஒருவர், அலமாரிகளில் தம் மொழி எங்கேனும் உண்டா என்று தெரியாத நிலை. அவர் திரும்பிப் போய்விடுகிறார். அவரை எவரும் தடுக்கவில்லை; அவருக்காக எவரும் எழுந்திருக்கவுமில்லை. இவ்விரண்டுக்கும் அவரளவில் வேற்றுமை இல்லை.

முற்காலத்தில் ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தனர். இங்கிலாந்தின் ஹெரிபோர்டு பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூல்நிலையத்தை இன்றும் காணலாம். நம்மவரிடம் இரும்புச் சங்கிலி இல்லை. அதன் வேலையைச் சாதியும் ஆசாரமும் செய்து முடித்தன. கலைமகள் பூசையன்று ஏடுகளை அடுக்கிச் சந்தனமும் பூவும் இட்டு, அன்றைக்கு மட்டும் அவற்றைப் படிக்கலாகாது என்று விலக்கி வைக்கும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உளது. நூலை வணங்குவது எளிது. அதை அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்து, அழுக்காகி மடிந்து திரும்பி வரினும் மனம் கோணாதிருப்பதே அரிது.

இந்த அரிய செயலுக்கு விதி வகுத்தவர் நம் தமிழ்நாட்டவர் என்பது மகிழத்தக்கது. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத்தின் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள், 1931-ஆம் ஆண்டில் நூல்நிலையத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். காத்து வைப்பதற்கன்றிப் பயன்படுவதற்கே நூல் இருக்கிறது என்பது முதல் விதியின் சாரம். எளிய கூற்றாகவே தோன்றும். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் நூல்நிலையத்தின் இடம், நேரம், மேசை, நாற்காலி, பணியாளர் நடத்தை ஆகிய யாவும் மாறியே தீர வேண்டும். பயன்படாத நூலுக்குப் பழி வாசகன் மேல் விழாது. நூலைக் கொண்டு சேர்க்காதவர் மேல் விழும்.

அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடியில் நடந்ததைக் காண்க. எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் ஒரு மாட்டு வண்டியில் நூல்களை அடுக்கிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார். அரங்கநாதன் அவர்களே அவ்வண்டியைத் தொடங்கி வைத்தார். மோட்டாருக்குப் பணமில்லை, சாலை சரியில்லை என்று காரணம் சொல்லிக் காலம் கழிக்க அவர்களுக்கும் இயன்றிருக்கும். மாடு இருந்தது, வண்டி இருந்தது, நூல் இருந்தது, ஊர்கள் காத்திருந்தன. அவ்வளவே போதும் என்று கருதினர். வாசகன் நூல்நிலையத்துக்கு வர வேண்டும் என்ற பழைய நியாயம் அந்த வண்டிச் சக்கரத்தின் கீழ் நசுங்கியது.

இனி, இஃது இரக்கமா கடனா என்ற வினாவுக்கு வருவோம்.

இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் 1850-ஆம் ஆண்டில் வில்லியம் யூவர்ட் என்பார் பொது நூல்நிலைய மசோதாவைக் கொணர்ந்தபோது எதிர்ப்பு மிகுந்திருந்தது. கர்னல் சிப்தார்ப் என்ற உறுப்பினர் தமக்கு வாசிப்பே பிடிப்பதில்லை என்று சபையிற் கூறி எதிர்த்தார். பிறர் பலருக்கிருந்த அச்சம் வேறு. தொழிலாளர் படித்தால் அடங்கமாட்டார் என்பதே அது. மசோதா நிறைவேறியது, எனினும் அதன்படி விதித்த வரியிலிருந்து கட்டடம் எழுப்பலாமேயன்றி நூல் வாங்கலாகாது என்றிருந்தது! நூல்களை யாரேனும் நன்கொடையாகத் தரட்டும் என்பது அன்றைய கருத்து. கட்டடம் கடன், நூல் தருமம் என்ற இந்த விசித்திரம் ஐந்தாண்டுகளிலேயே, 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தால், மாறிற்று. சென்னை மாகாணமோ 1948-ஆம் ஆண்டின் பொது நூல்நிலையச் சட்டத்தால் சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு பைசு வீதம் நூல்நிலைய வரி விதித்தது. ரூபாய்க்கு 192 பைசு வழங்கிய காலம் அது. சிறு தொகையே, ஆனால் அதன் தத்துவம் பெரிது. வரி என்று எழுதிவிட்டால் அது பிச்சையாகாது. வரி கட்டுகிறவன் கேட்கலாம். கேட்க உரிமையுள்ளவன் தலை குனிய வேண்டியதில்லை.

நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரில் நிகழ்ந்தது இன்னும் தெளிவான சான்று. அங்கே 1845-ஆம் ஆண்டில் அமைந்த நூல்நிலையம் சந்தா கட்டுவோர்க்கே உரியதாயிருந்தது. அது 1874-ஆம் ஆண்டில் அரசின் கைக்கு வந்து இராபிள்ஸ் நூல்நிலையமாயிற்று. ஆயினும் நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சந்தா வேண்டியிருந்தது. நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலமே. 1953-ஆம் ஆண்டில் லீ கோங் சியான் என்னும் சீனப் பெருவணிகர் புதிய நூல்நிலையத்துக்காக 375,000 வெள்ளி தருவதாக முன்வந்து, நூல்நிலையம் எல்லார்க்கும் இலவசமாக இருத்தல் வேண்டும், ஆசிய மக்களின் தாய்மொழி நூல்களும் அதில் இடம்பெறல் வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அதன் விளைவாய் எழுந்த தேசிய நூல்நிலையம் 1960-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திறக்கப்பெற்றது.

இக்கொடையை நாம் போற்றுகிறோம். அவர் விதித்த நிபந்தனைகளைக் கொடையினும் மேலாகப் போற்றுகிறோம். ஆனால் அந்த வெள்ளி பிறந்த இடத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். லீ கோங் சியான் 1927-ஆம் ஆண்டில் நம் ஜொகூரின் மூவாரில் சொந்தத் தொழில் தொடங்கி ரப்பரால் உயர்ந்தவர். ரப்பர் மரம் தானாகப் பால் சொரிவதில்லை. இருட்டில் எழுந்து, கொசுக்கடியைப் பொறுத்து, பட்டையைக் காயப்படுத்தாமல் கத்தியை இழுக்கும் கை ஒன்று வேண்டும். மலாயாவில் ரப்பரால் எழுந்த நகரங்கள், கல்லூரிகள், நூல்நிலையங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கையின் பங்கு உண்டு. ஒருவன் உழைப்பால் விளைந்த பொருளிலிருந்து அவனுக்குரியதைக் கொடுப்பதற்குப் பெயர் தருமமன்று. கணக்கெழுதுவோன் மொழியிற் சொன்னால், அது பாக்கி.

அந்தப் பாக்கி எவ்வளவு காலம் எழுதப்படாமலே கிடந்தது! ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று கூறியது. பள்ளி வந்தது. பள்ளியை விட்டபின் படிப்பதற்கு நூல் வேண்டும் என்ற எண்ணம் உடன் வரவில்லை. எழுத்தைக் கற்பித்து ஏட்டைக் கொடாதிருத்தல், நீந்தக் கற்பித்து ஆற்றை மறைத்தலை ஒக்கும். பன்னிரண்டு வயதில் சரளமாகப் படித்த சிறுவன் முப்பது வயதில் தன் சம்பளச் சீட்டைப் பிறரிடம் நீட்டி நிற்கும் காட்சி இதனால் விளைந்ததே.

தொழிலாளர் தம் கடனைச் செலுத்தவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்த காலத்தில், அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் இயக்கம் நடத்தி நிதி திரட்டினார். தோட்டத்துப் பாட்டாளிகளும் துறைமுகக் கூலிகளும் தம்மாலியன்ற சிறு தொகையை அளித்தனர். 1956-ஆம் ஆண்டில் துறை தோன்றியது. பின்னர் அது கோலாலம்பூருக்குச் சென்றது. மக்கள் கொடுத்த காசு பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்களாயிற்று. கொடுத்தவர்களுள் எத்தனை பேர் அந்த அலமாரியின் முன் நின்றிருப்பர்? தம் பிள்ளையாவது நிற்கட்டும் என்று கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது யாது என்று படித்த நாம் கேட்டுக்கொள்ள வேண்டாவா?

ஈண்டுச் சிலர், “நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இவர்கள் படிக்கமாட்டார்கள்; படத்திலும் கைப்பேசியிலும் பொழுதைப் போக்குவார்கள்” என்பர். இக்கூற்றைச் சரித்திரம் மறுக்கின்றது. 1924-ஆம் ஆண்டில் தோன்றி 2019-ஆம் ஆண்டில் நின்ற தமிழ் நேசனும், 1935-ஆம் ஆண்டில் தோன்றி இன்றும் சிங்கப்பூரில் வெளிவரும் தமிழ் முரசும் படித்தவரைக் கொண்டு மட்டும் வளர்ந்தவை அல்ல. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கம் நம்மிடையே இருந்தது. எழுத்தறியாதாரும் அங்ஙனம் பத்திரிகை ‘படித்தனர்’. தாகம் இல்லாத மக்கள் ஊற்றைத் தேடி வட்டமாக உட்காரமாட்டார்கள். கைப்பேசியைத் திறக்கிறவனும் செய்தியையும் கதையையுமே தேடுகிறான். நல்லதை எட்டும் தூரத்தில் வைக்காதவர், அவன் அல்லதை எடுத்தான் என்று குறை கூறல் முறையன்று.

வேறு சிலர் கற்றோர். அவர்கள் கூறுவது: “இப்போது நூல்நிலையங்களில் கதை சொல்கிறார்கள், தையல் கற்பிக்கிறார்கள், கணினி வகுப்பு, போட்டி, விழா என்று கூட்டம் கூட்டுகிறார்கள். இது நூல்நிலையமா, சந்தையா?” இவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. வந்த தலைகளை எண்ணி அறிக்கை எழுதுவதற்காகவே விழா நடத்துவதாயின் அது சந்தையே. ஆனால் ஓர் அளவுகோல் உண்டு. அந்நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் ஒருவர், அதற்கு முன் பிறர் கையை எதிர்பார்த்துச் செய்ததைத் தாமே செய்ய வல்லவரானாரா? ஆனாரெனில் அது நூல்நிலையத்தின் வேலையே.

தோட்ட அலுவலகத்தில் இருப்போர் இதன் அருமையை நன்கறிவர். சேமநிதிக் கடிதம், சொக்சோ படிவம், பிள்ளையின் பள்ளி அறிவிப்பு ஆகியவற்றை ஏந்தி வருவோர் எத்தனை பேர்! கிராணி நல்லவனாயின் படித்துச் சொல்வான். நல்லவனல்லனாயின்? ஒருவன் வாழ்வின் பொருள் மற்றொருவன் நாவில் தொங்குவது அடிமைத்தனத்தின் சாயலேயாம். அந்தக் கடிதத்தைத் தானே படிக்கக் கற்பிக்கும் ஒரு மாலை வகுப்பு, நூறு இலக்கியச் சொற்பொழிவுகளுக்கு ஒப்பாகும். கிராணிக்கு வேலை குறையும், அதிகாரமும் குறையும், அது குறைதல் நன்று.

எந்நூலைக் கொடுப்பது என்பதிலும் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். சீர்திருத்தம் விரும்புவோர்க்கு ஒரு பலவீனம் உண்டு. மக்களுக்கு நன்மை தருவது இன்னதென்று தாமே முடிவு செய்து அதை மட்டும் அலமாரியில் வைப்பர். நாவல் வேண்டா, சினிமா இதழ் வேண்டா, அறிவு நூல் மட்டும் போதும் என்பர். பழைய ஆசாரக்காரன் சாவியைத் தன் இடுப்பிற் செருகியிருந்தான். புதிய சீர்திருத்தக்காரன் அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். சாவி கைமாறியதேயன்றிப் பூட்டு நீங்கவில்லை. கதையில் தொடங்கியவன் சரித்திரத்துக்கு வரட்டும். வராமற்போயின் கதையிலேயே மகிழட்டும். கடனைத் திருப்பித் தருபவன், வாங்குபவன் அதை எங்ஙனம் செலவிட வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை.

இதுகாறும் சொன்னவற்றை நம்மவர் எளிதில் ஒப்புக்கொள்வர். இனிச் சொல்லப் போவதே நம் நேர்மைக்குச் சோதனை.

லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் இன்று கத்தியும் அரிவாளும் பிடிப்போர் யார்? நம்மவர் பலர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். அவர்கள் இருந்த இடத்தில் இந்தோனேசியரும், வங்காளதேசத்தவரும், நேபாளியரும் இருக்கின்றனர். நம் பாட்டனார் கப்பலில் வந்திறங்கி, தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்ததை நாம் இன்றும் மனம் வெதும்பிப் பேசுகிறோம். இவர்கள் விமானத்தில் வருகிறார்கள் என்பதே வேற்றுமை. உழைப்பவனுக்கு நூல்நிலையம் கடன்பட்டிருக்கிறது என்று நமக்காக வாதாடிய நாம், வங்காள மொழியிலும் நேபாள மொழியிலும் நூலோ செய்தித்தாளோ வேண்டும் என்று அவர்களுக்காகவும் வாதாடக் கடமைப்பட்டோம். “அவர்கள் அந்நியர், நாளை போய்விடுவர்” என்போமாயின், நேற்று நம்மைப் பார்த்து அங்ஙனமே கூறியவர்களை இன்று நியாயவான்களாக்கிவிடுவோம். தமிழன் என்பதற்காக மட்டும் தமிழனுக்கு நூல் வேண்டுமெனின் அது இனப்பற்று. உழைப்பவன், அறியும் ஆவல் உடையவன், மனிதன் என்பதற்காக வேண்டுமெனின் அதுவே நீதி. நீதியின் பேரால் கேட்பவன், அதே நீதி அடுத்தவனுக்குக் கிட்டும்போது முகம் சுளித்தல் கூடாது.

“இவையெல்லாம் அரசின் வேலை, நம்மால் ஆவது யாது?” என்று சோர்வோர்க்கு யாழ்ப்பாணம் விடை கூறும். அங்கே 1933-ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலேயே நூல் வழங்கத் தொடங்கினார். அச்சிறு விதை ஊரார் முயற்சியால் வளர்ந்து, 1959-ஆம் ஆண்டில் மாளிகையாய் நின்றது. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவில் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. பயனற்ற பொருளை எரிக்க எவனும் தீப்பந்தம் தூக்கி வருவதில்லை. நூல்நிலையம் ஒரு சமூகத்துக்கு என்ன பொருள் தருகிறது என்பதைச் சில வேளை நண்பரைக் காட்டிலும் பகைவரே நன்கறிகின்றனர். அந்நூல்நிலையம் மீண்டும் எழுந்தது. இன்றும் வாசகர் அங்கே அமர்ந்திருக்கின்றனர்.

அரசு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மலேசியாவில் தேசிய நூல்நிலையச் சட்டம் 1972-ஆம் ஆண்டிலேயே வந்தது. மாநில நூல்நிலையக் கழகங்கள் உள்ளன. கிராம நூல்நிலையங்களும் நடமாடும் வண்டிகளும் உள்ளன. இருப்பதைக் கேட்டுப் பெறுவதே முதல் வேலை. வண்டி தோட்டத்துக்கு வரட்டும் என்று ஒருவர் கேட்டால் அது கோரிக்கை. நூறு பேர் உறுப்பினராகிக் கையெழுத்திட்டுக் கேட்டால் அது கணக்கு. தமிழ் நூல் வேண்டும் என்று எழுதிக் கொடாதவன், தமிழ் நூல் இல்லை என்று பேசப் பாதி உரிமையே உடையவன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஓர் அறை, கோயில் மண்டபத்தின் ஒரு மூலை, தோட்டச் சங்கத்தின் ஓர் அலமாரி ஆகியவற்றில் ஒன்றையேனும் மாலை வேளையில் திறந்து வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் உரக்கப் படிக்கலாம்; கண் மங்கிய பெரியோரும் எழுத்தறியாதாரும் கேட்கலாம். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குப் பட்டணத்து இளைஞர் இருவர் வரலாம். நூல் கிழியும், சில திரும்பி வாரா. கிழிந்த நூல் படிக்கப்பட்டதற்குச் சாட்சி. கிழியாமல் வெளுத்து நிற்கும் நூலே நம்மைக் குற்றஞ்சாட்டும்.

தோழர்களே! தருமம் செய்பவன் தனக்கு வசதியான நாளில் செய்வான், பெற்றவன் நன்றி சொல்ல வேண்டுமென்று எதிர்பார்ப்பான், அலுத்தால் நிறுத்துவான். கடன்பட்டவனுக்கு இம்மூன்றும் இல்லை. அவன் குறித்த நாளில் எழுந்து சென்று கொடுத்தாக வேண்டும். நூல்நிலையத்தை நாம் எவ்வகையிற் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே, லாபிஸ் பட்டணத்துக்கும் அதைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் இடையே உள்ள சில மைல் தூரம் குறைவதும் நீள்வதும் அமையும். படித்தவர்கள் பாக்கிதாரர்கள். வசூலிக்க வர அவர்களுக்கு நேரமில்லை, வழியும் தெரியாது. ஆதலின் நாமே நூலைச் சுமந்துகொண்டு போவோம்.